வரைபடம் முடிகிற தெரு

பிப்ரவரி 6, வியாழன்

குட்டி லேப்டாப்பை மூடிவிட்டாள். காலையிலிருந்து அதில் ஓடிக்கொண்டிருந்த நிலத்தடி நீர் மாடல் அப்படியே நின்றுபோனது. முக்கால்வாசி தாண்டியிருக்கும். மூடிவிட்டுக் கை தட்டினாள். நானும் தட்டினேன், வேறு என்ன செய்வது. ஒன்றரை வயசுப் பிள்ளையைத் திட்டினால் அவளுக்குப் புரியாது. திட்டாவிட்டால் எனக்கு ஆறாது.

அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "தண்ணியக் கம்ப்யூட்டருக்குள்ள விட்டா அது நிக்காம என்ன பண்ணும்," என்றார். என் மாமியாரின் நகைச்சுவை எப்போதும் இப்படித்தான். நாம் சிரிப்பதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

ஒரு முறை எழுதிப் பார்த்துவிடுகிறேன், மனசு அடங்கட்டும். ஆய்வேடு கொடுக்கக் கடைசி நாள் மார்ச் 31. பிரசவத்துக்காக ஏற்கெனவே ஒரு தடவை நீட்டித்துத் தந்துவிட்டார்கள். இனி கிடையாது, பதிவே ரத்தாகிவிடும். மார்ச் 30 அன்று அத்தை கிளம்புகிறார். நாத்தனாருக்கு ஏப்ரலில் பிரசவம், அம்மா போகாமல் எப்படி? குட்டியின் அப்பா வேலை பார்க்கிற மின்நிலையம் ஓர் இரவுப் பயணத் தூரம். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அழுக்குத் துணியோடு வருவார், துவைத்த துணியோடு போவார். ஆக, அத்தை இருக்கும்வரைதான் எனக்கு இரண்டு கை. அதற்குள் முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த மேற்படிப்பு, மூன்று வருஷம், எல்லாம் ஆற்றோடு போச்சு.

பிப்ரவரி 8, சனி

மறுபடி ஓடவிட்டேன். இந்தத் தடவை படுக்கையறையில், வெளியே தாழ் போட்டு. லேப்டாப்புக்குத்தான் தாழ், எனக்கு இல்லை. எனக்கு அந்த யோகம் எங்கே.

பிப்ரவரி 11, செவ்வாய்

லேப்புக்குப் போய்வந்தேன். என் ஆய்வுக்கு வழிகாட்டுகிற கைடு வரைபடத்தை நிமிர்த்திப் பிடித்து, தள்ளிப் பிடித்து, சந்தோஷப்பட்டார். "இவ்வளவு பொருத்தம் நான் பாத்ததே இல்லம்மா" என்றார். பொருத்தம் என்றால் கல்யாணப் பொருத்தம் இல்லை. நகரத்து நிலத்தடியைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மழை இறங்குகிறது, எவ்வளவு மோட்டார் இழுக்கிறது, பக்கத்துக் கட்டத்துக்கு எவ்வளவு நகர்கிறது என்று கணக்குப் போட்டு, மாதாமாதம் நீர்மட்டம் எங்கே நிற்கும் என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. கிணறுகளில் உண்மையாக அளந்த மட்டம் புள்ளிகள். எங்கள் கணக்கு கோடு. புள்ளியெல்லாம் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன.

மாடலைக் கட்டியது சீனியர். அவர் படிப்பு முடித்து வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போனதும் அது என் தலையில் வந்தது. இதே போக்கில் தண்ணீர் எடுத்தால் பத்து வருஷம் கழித்து என்ன ஆகும் என்பது என் பங்கு. முதல் கட்ட முடிவுகளைக் கைடு போன வருஷமே நீர்த்துறைக்கு அறிக்கையாகக் கொடுத்துவிட்டார். அதில் கடைசிப் பெயர் என்னுடையது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து குட்டியின் அப்பாவுக்கு அனுப்பியதும் கட்டை விரல் ஒன்று வந்ததும் ஞாபகம் இருக்கிறது.

திரும்பி வந்தால் குடியிருப்பு வாசலில் செக்ரட்டரி மடக்கினார். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், எதையும் அறிவிப்பாகத்தான் சொல்வார். எங்கள் குடியிருப்பின் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, ஒரு மாதமாக இருமுகிறது, காற்றுதான் வருகிறது. லாரித் தண்ணீரில் காலம் ஓடுகிறது. "நீங்க தண்ணிதானம்மா படிக்கிறீங்க? பக்கத்துல புதுசா ஆழமாப் போட்டா வருமா, வராதா? அத மட்டும் சொல்லுங்க."

மேலே வந்து மாடலில் எங்கள் தெருவைத் தேடினேன். இத்தனை நாள் தேடியதே இல்லை, பாருங்கள். கிழக்கு ஓரத்தில் கடைசிக் கட்டம். கருநீலம். கருநீலம் என்றால் ஆள் உயரம் தோண்டினாலே தண்ணீர்.

அப்படியானால் கோளாறு போரில்தான்.

பிப்ரவரி 17, திங்கள்

மொட்டைமாடியில் கூட்டம். தண்ணீர் இருக்கிறது என்று சொன்னேன். மேல்மாடி டீச்சர், "அப்புறம் ஏன் பக்கெட்ல இல்ல?" என்று கேட்டார். பழைய போரில் மண் சரிந்து அடைத்திருக்கும் என்றேன். என்ன தைரியம் எனக்கு. குழம்புக்கு உப்புப் போட இன்றைக்கும் அத்தையைக் கேட்கிறவள் நான். பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்று இருபது பேர் முன்னால் கண்ணிமைக்காமல் சொல்கிறேன்.

கை தூக்கி ஒத்துக்கொண்டார்கள். போர் போடுகிற வண்டிக்குச் சொல்லியாயிற்று.

பிப்ரவரி 22, சனி

குட்டியின் அப்பா வந்திருக்கிறார். சாப்பிட்டு முடித்து, குட்டி அவர் வயிற்றின் மேல் தூங்கிக்கொண்டிருக்கும்போது கேட்டார்: "இத முடிச்சா என்ன ஆகும்?" குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் தைத்தது. முடித்தால் கைடு தன் ப்ராஜெக்ட்டில் ஜூனிலிருந்து வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றேன். "அப்ப இவள யாரு பாத்துக்குவா?" என்றார். குட்டியை மெல்லத் தூக்கிப் பாயில் போட்டேன்.

பிப்ரவரி 26, புதன்

வண்டி வந்தது. எல்லா பால்கனியிலும் தலைகள். குழாய் மேல் குழாய் சொருகி இறக்கிக்கொண்டே போனார்கள். மதியம்வரை செம்மண், அப்புறம் சாம்பல் நிறத்தில் மாவு. பாறை மாவு. ஈரமே இல்லை. அது பறந்து வந்து காயப்போட்ட குட்டியின் சட்டைகள் மேல் உட்கார்ந்தது. இன்னும் இறக்கினார்கள், இன்னும் மாவு. சாயங்காலம் எந்திரத்தை நிறுத்தினார்கள். அவ்வளவு நேரச் சத்தத்துக்குப் பிறகு வந்த அந்த அமைதி. யப்பா.

வண்டிக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யார் சார் இங்க தண்ணி இருக்குன்னது?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. செக்ரட்டரி மெதுவாக மேலே பார்த்தார்.

உள்ளே வந்துவிட்டேன்.

பிப்ரவரி 27, வியாழன்

எனக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. படிக்கட்டில் பசங்கள் சொல்கிறார்கள்: தண்ணி டாக்டர்.

மார்ச் 2, ஞாயிறு

தூக்கம் போச்சு. குட்டி தோளில் தொங்க, ஒரு கையாலேயே மாடலைத் திறந்து, நீர்மட்டத்துக்குப் பதிலாக அம்புக்குறி போடச் சொன்னேன். தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று அம்பு காட்டும். இதை முதல் வருஷமே போட்டுப் பார்த்திருக்கலாம். கோடும் புள்ளியும் ஒத்துப்போன மயக்கத்தில் யாரும் போடவில்லை.

எங்கள் பக்கத்து அம்பெல்லாம் கிழக்கே வருகின்றன. வந்து, எங்கள் தெருவுக்குப் பின்னால் சட்டென்று நிற்கின்றன. சுவரில் முட்டின மாடு மாதிரி.

ஓரக் கட்டங்களுக்கு நாம்தான் சொல்ல வேண்டும், தண்ணீர் வெளியே போகலாமா கூடாதா என்று. கிழக்கு ஓரம் முழுக்க 'கூடாது' என்று மூடியிருக்கிறது. அங்கே மலையோ தடுப்புப் பாறையோ இருந்தால்தான் அப்படி மூடலாம். இங்கே என்ன மலை இருக்கிறது? பைபாஸ் ரோடு. அதைத் தாண்டித் தோட்டங்கள். அதற்கும் அப்பால் கல்குவாரி, அதில் ஊறுகிற தண்ணீரை இரவு பகலாக மோட்டார் வைத்து வெளியே இறைக்கிறார்கள். உண்மையில் தண்ணீர் எங்கள் தெருவைத் தாண்டிச் சரிந்து அங்கே போய்க்கொண்டே இருக்கிறது. மாடலில் மட்டும் போக வழியில்லாமல் எங்கள் வீட்டுக்கடியில் தேங்குகிறது. அதுதான் அந்தக் கருநீலம்.

பிறகு எப்படி அவ்வளவு பொருத்தம்? அளந்த கிணறெல்லாம் மேற்கே. இந்தப் பக்கம் யாரும் அளந்ததே இல்லை.

சீனியருக்குப் போன் போட்டேன். கொஞ்சம் யோசித்தார். "கிழக்கு எல்லையா? அங்க மேப் ஷீட் முடிஞ்சுதுப்பா. அடுத்த ஷீட் கேட்டேன், ஸ்டாக் இல்லன்னாங்க." சிரித்தார். "இத்தன வருஷமா யாரும் கேக்கலியே."

நானும் கேட்கவில்லை. ஒரு காகிதத்தின் ஓரத்தை மலை என்று நினைத்து மூன்று வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

கைடிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை.

"வரம்புகள்னு ஒரு அத்தியாயம் எழுதுவோம்ல, அதுல ஒரு பாரா போட்டுடும்மா."

நீர்த்துறைக்குப் போன அறிக்கை? அது வேறு, இது வேறு என்றார். அப்புறம் தணிந்த குரலில்: "உனக்குக் கைக்குழந்தை. இப்ப எல்லையத் தொட்டா எல்லாத்தையும் திரும்பப் பொருத்தணும், ஆறு மாசம் ஆகும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

என் நல்லதுக்குத்தான். அவர் சொல்வது சரி என்பதுதான் கஷ்டம்.

மார்ச் 5, புதன்

காலையிலிருந்து குட்டி இறங்கவே இல்லை. இடுப்பில், தோளில், இடுப்பில். குளிக்கப் போனால் கதவுக்கடியில் விரல் விட்டுக் கூப்பிடுகிறாள். லாரி எப்போது வரும் என்று தெரியாததால் வெளியே போக முடியாது. வந்தால் படிக்கட்டில் எல்லார் முகத்தையும் பார்க்க வேண்டும், அதனால் கீழே போகவும் முடியாது. அத்தைதான் குடம் தூக்குகிறார், அவருக்கு முட்டி வலி. ஆறு மாசம்— யாரு குடுப்பா எனக்கு ஆறு மாசம்? ஆறு மணி நேரம் குடுங்க போதும். ஒரு பாரா எழுதினா முடிஞ்சுது. எழுதேன். எழுதித் தொலையேன்.

எழுதினேன். அழித்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

கைகால் அசந்துபோயிருக்கிறது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

லேப்பிலிருந்து அளவு நாடா வாங்கி வந்திருந்தேன். கிணற்றுக்குள் இறக்கினால் நுனி தண்ணீரைத் தொட்டதும் 'பீப்' என்று கத்தும். பைபாஸுக்கு அந்தப் பக்கம் போய் நாலு கிணறாவது அளந்துவிடலாம் என்று கிளம்பினால், குட்டி காலைக் கட்டிக்கொண்டாள். அத்தை புடவையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "நானும் வரேன். இவ உன்ன விட மாட்டா, நீ அந்தக் கிணத்த விட மாட்ட. நான் ஒருத்தி இங்க உக்காந்து என்ன பண்றது."

முதல் தோட்டத்திலேயே விரட்டினார்கள். கிணற்றுக்கு வரி போட வந்த ஆள் என்று நினைத்துவிட்டார்கள். அத்தை முன்னால் போனார். "கவர்மெண்ட் எல்லாம் இல்லீங்க, என் மருமக. படிப்பு முடியல, கைப்பிள்ள வேற, பாருங்க எப்படி இளைச்சுப் போயிருக்கான்னு. ஒரு நிமிஷம் மூடியத் தொறந்தீங்கன்னா புண்ணியமாப் போவுது." எனக்கு உடம்பு கூசியது. ஆனால் மூடி திறந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தோட்டத்திலும் அத்தை என்னை இன்னும் கொஞ்சம் பரிதாபமாக்கினார். கடைசியில் எனக்கு ரத்தசோகையே வந்துவிட்டது.

கிழக்கே போகப் போக நாடா ஆழமாக இறங்கியது. குட்டிக்கு விளையாட்டுப் பிடித்துவிட்டது, ஒவ்வொரு மூடி திறந்ததும் குனிந்து "பீ" என்பாள். குவாரிக்குப் பக்கத்துத் தோட்டத்தில் நாடா முழுசும் இறங்கிவிட்டது. சத்தமே இல்லை. குட்டி மட்டும் சொன்னாள்.

தோட்டக்காரம்மா கேட்டார், அளந்து என்ன பண்ணுவீர்கள் என்று. "கம்ப்யூட்டர்ல போடுவா," என்றார் அத்தை.

"போட்டா தண்ணி வருமா?"

"வந்தா முதல்ல எங்க வீட்டுக்கு வரணுமே," என்றார் அத்தை. இரண்டு பேரும் நின்று சிரித்தார்கள். நான் நாடாவைச் சுருட்டினேன்.

மார்ச் 13, வியாழன்

எல்லையைத் திறந்து ஓடவிட்டால் மாடல் தடுமாறுகிறது. கிழக்குக் கட்டங்கள் ஒரே மாதத்தில் வறண்டு, அடுத்த மாதம் நிரம்பி, கடைசியில் கணக்கே ஒரு விடையில் நிற்கவில்லை. அந்தப் பக்கத்தைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. நான் சேர்த்து வைத்திருப்பது ஒரு நாள் அளவு. "ஒரு நாள் அளந்தது டேட்டா ஆகாதும்மா," என்றார் கைடு. சரிதான்.

அவரே ஒரு வழியும் சொன்னார். நகரத்துக்கு நடுவே நிலத்தடியில் வடக்கு தெற்காக ஒரு பாறைத் தண்டு ஓடுகிறது. அது நிஜமாகவே தண்ணீரைத் தடுக்கும். எல்லையை அங்கே வைத்துக்கொண்டு மேற்குப் பாதியை மட்டும் ஆய்வாகக் கொடுத்துவிடலாம். உண்மையான சுவர், உண்மையான அளவுகள். யாரும் கேள்வி கேட்க முடியாது.

"அப்ப கிழக்கு, சார்?"

"அது உன் ஆய்வுல இல்ல."

மார்ச் 21, வெள்ளி

வெட்டிவிட்டேன். பாதி மாடல் சமத்தாக ஓடுகிறது, குட்டி தூங்குகிற நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. புள்ளியெல்லாம் கோட்டின் மேலேயே இருக்கின்றன. பொய் ஒன்றும் இல்லை. தலைப்பில் 'மேற்குப் பகுதி' என்று சேர்த்தாகிவிட்டது.

எங்கள் தெரு நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை. வெறும் வெள்ளைத் தாள்.

மார்ச் 30, ஞாயிறு

அத்தை கிளம்பிவிட்டார். அழக்கூடாது என்று இருவரும் உறுதியாக இருந்தோம், குட்டி கெடுத்துவிட்டாள். வண்டி ஏறும்போது கேட்டார்: "நாம அளந்த கிணறெல்லாம் புஸ்தகத்துல வந்துச்சா?" இல்லை அத்தை என்றேன். "பரவால்ல விடு. எனக்கு ஊரைச் சுத்தின மாதிரி ஆச்சு," என்றார். அதற்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

மார்ச் 31, திங்கள்

கொடுத்துவிட்டேன். குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

மே 14, புதன்

வைவா முடிந்தது. தேறிவிட்டேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், ஆய்வுப் பகுதியை வரையறுத்த விதம் மிகவும் முதிர்ச்சியானது என்று பாராட்டினார். கைடு என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. சான்றிதழுக்கு அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ஜூனில் ப்ராஜெக்ட் வேலை உறுதி என்றார்.

குட்டியின் அப்பா இரண்டு நாள் லீவு போட்டு வந்து அவளைப் பார்த்துக்கொண்டார். ஜெயித்துவிட்டாய் என்கிறார். அப்படித்தான் இருக்க வேண்டும்.

மே 22, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பின்பக்கத்துக் காலிமனையில் பெரிய குடியிருப்பு வரப்போகிறது என்று தெரியும். காலையில் போர் வண்டி வந்தது. ஒன்று இல்லை, மூன்று. குட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியாது, கால் போனது.

அங்கே இருந்த இன்ஜினியர் சின்னப் பையன் மாதிரி இருந்தார், மரியாதையாகத்தான் பேசினார். "நீர்த்துறை பர்மிஷன் இருக்கு மேடம். இந்த ஏரியாவுல தண்ணி மேலயே இருக்காம்." போனில் காட்டினார். எங்கள் அறிக்கை. எங்கள் கருநீலம். பக்கத்தைத் தள்ளச் சொல்லி, கடைசிப் பெயரைக் காட்டினேன்.

"இது நான்."

"அப்ப நீங்களே சொல்லியிருக்கீங்களே."

"தப்பாச் சொல்லியிருக்கோம்."

போனைப் பைக்குள் போட்டார். "வாய்ல சொன்னா நான் எப்படி மேடம் வண்டிய நிறுத்துறது? எழுதிக் குடுங்க. ஆனா நான் அத நீர்த்துறைக்கும் அனுப்புவேன், பரவாயில்லையா?"

பரவாயில்லையா? சான்றிதழ் கைடின் மேஜையில். ஜூன் வேலை அவர் வாயில். பால்கனியில் எல்லாரும் பார்க்கிறார்கள், தண்ணி டாக்டர் அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று. குட்டி என் முடியைப் பிடித்து இழுக்கிறாள். ஓடிவிடலாம் போல இருந்தது. எங்கே ஓடுவது, என் வீடே அங்கேதான் இருக்கிறது.

அவருடைய பேடை வாங்கி, வண்டியின் மட்கார்டில் வைத்து எழுதினேன். கிழக்கு எல்லை தவறாக மூடப்பட்டது. பாறைத் தண்டுக்குக் கிழக்கே காட்டியிருக்கும் நீர்மட்டம் உண்மையல்ல. அதை நம்பி அனுமதி தர வேண்டாம். பெயர், போன் நம்பர், கையெழுத்து.

மே 23, வெள்ளி

கைடு கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லம்மா," என்றார். கேட்டேன் சார், மார்ச்சில் என்றேன். பிறகு, ஜூன் விஷயம் இப்போதைக்கு இல்லை என்றார். சான்றிதழைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

குட்டியின் அப்பாவிடம் ராத்திரி சொன்னேன். "சரி, சாப்ட்டியா?" என்றார். அப்புறம்தான் அழுகை வந்தது.

ஜூன் 9, திங்கள்

போன வாரம் நீர்த்துறையிலிருந்து கைடுக்குக் கடிதம் போயிருக்கிறது. கிழக்குப் பகுதியை மறு ஆய்வு செய்து தர வேண்டும், அதுவரை அங்கே புது போருக்கு அனுமதி இல்லை. அவரே கூப்பிட்டார். குரலில் இன்னும் கசப்பு இருந்தது. "அந்த மாடல ஓட்டத் தெரிஞ்ச ஆள் நீ ஒருத்திதான் இருக்க. வர்றியா?"

குழந்தையையும் கூட்டிக்கொண்டுதான் வர முடியும் என்றேன்.

"சத்தம் போடுவாளா?"

"போடுவா சார்."

இன்று போனோம். சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, ஒன்றும் பேசாமல் என் பக்கம் தள்ளினார். ப்ரிண்டருக்குப் பக்கத்தில் குட்டிக்குப் பாய் விரித்தேன், நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து வந்தாள். கிழக்கு எல்லையைக் குவாரிக்கு அப்பால் தள்ளி, ஓடவிட்டேன். கணக்கின் மூன்றாவது மாதத்திலேயே நின்றுபோனது. திரும்ப விட்டேன். ஐந்தாவது மாதத்தில் நின்றது.

சாயங்காலம் அத்தை போனில், "படிப்பு முடிஞ்சுதுன்ன, மறுபடி எங்க கிளம்பிட்ட?" என்றார். ஒவ்வொரு மாதமும் போய் அந்தக் கிணறுகளை அளந்து வர வேண்டும் என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப அந்த முதல் தோட்டத்துக்காரன்கிட்ட நீ பேசாத. குட்டியப் பேச விடு," என்றார்.